வீல் முங்குமா?

ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். பாலைக் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டினான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

ஏழு மணிக்கு ரெஜிஸ் பைக்கில் வந்தான். மனைவியின் தம்பி.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை. வாசலில் படகு ஏற்றி இழுக்கும் டிரெய்லர்கள் இரண்டு நின்றன. ஒன்று நீலம். ஒன்று மங்கிய சாம்பல்.

படகு பதினாறடி. ஃபைபர். கடற்புல் ஆராய்ச்சிக்காக அவள் தன் பணத்தில் வாங்கியது. காற்று அடங்கிய சனிக்கிழமைகளில் இருவரும் கடலுக்குப் போவார்கள். அவள்தான் ஓட்டுவாள். அவன் முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

அவள் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து ஐந்து நாளாகிறது. படகு இன்னும் அவளுடைய அலுவலகக் கொட்டகையில் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பூசையன்றே ரெஜிஸ் சொல்லியிருந்தான்.

பூசையன்றே.

"படகு எடை எவ்வளவு சார்?" பட்டறைக்காரர் கேட்டார்.

காகிதத்தைப் பார்த்துச் சொன்னான். முந்நூற்றெண்பது கிலோ.

"அது வெறும் கூடு. எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம் எல்லாத்தையும் யாரு தூக்கிட்டு வருவா? உங்க மச்சினனா?"

ரெஜிஸ் சிரித்தான்.

அவன் சிரிக்கவில்லை. ரெஜிஸ் தன் மச்சினன் என்று இவரிடம் யாரும் சொல்லவில்லை.

நீல டிரெய்லரின் அருகே குந்தினான். எழுநூற்றைம்பது கிலோ தாங்கும் என்று ஒரு தகடு. தகடு பழையது. அதைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் புதியவை. அடிப்பக்கத்தை வீட்டுச் சாவியால் சுரண்டினான். நீலம் உதிர்ந்தது. அதன் கீழே வேறொரு நீலம். அதன் கீழே செம்பழுப்புத் தூள்.

விரலைக் கைக்குட்டையில் துடைத்தான்.

படகு உட்காரும் உருளைகளைச் சுற்றிவிட்டான். ஒன்று சுற்றவில்லை. மற்றவை தடங்கலில்லாமல் சுற்றின. அதுவும் பிடிக்கவில்லை.

சாம்பல் நிற டிரெய்லரையும் சுரண்டினான். ஒன்றும் உதிரவில்லை. மறுபடி அழுத்திச் சுரண்டினான்.

"சாவி தேஞ்சிரும் சார். அது ஜி.ஐ., துத்தநாகம் பூசின இரும்பு," என்றார் பட்டறைக்காரர். "ரெண்டுமே தாங்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீல் முங்குமா?"

புரியவில்லை.

"படகைக் கடல்ல இறக்கணும்னா டிரெய்லரைப் பின்னால தள்ளி, வீல் முங்குற வரைக்கும் தண்ணிக்குள்ள விடணும். உப்புத் தண்ணிக்கு ஜி.ஐ.தான். சும்மா வீட்டுல நிக்கும்னா பெயிண்டே போதும்."

"வீட்டுலதான் நிக்கும்ணே," என்றான் ரெஜிஸ்.

அண்ணே.

அவன் எழுந்து நின்றான்.

"நீ இங்க எப்ப வந்த?"

ரெஜிஸ் நீல டிரெய்லரின் டயரை உதைத்தான். "நேத்து."

"எதுக்கு?"

டயரை இன்னொரு முறை உதைத்தான். அப்புறம் உதைப்பதை நிறுத்தினான்.

"அக்கா கடைசியா எங்கிட்ட சொன்னது அதுதான் அத்தான். அத்தானைக் கடலுக்கு விட்டுராதலேன்னு."

கண் கலங்கியிருந்தது. அதையும் அவன் உற்றுப் பார்த்தான்.

மாமியாரிடம் அவள் கடைசியாகச் சொன்னது 'மாதாவே' என்று. நர்ஸிடம் 'தண்ணி' என்று. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கடைசி இருந்தது.

ரெஜிஸிடம் அவள் சொல்லியிருக்கலாம். முந்தின நாளோ, அதற்கும் முன்போ. சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அவள் கடைசியாகப் பேசிய அந்த வியாழக்கிழமை மாலை ரெஜிஸ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். மாமியார் கோயிலில். ஆஸ்பத்திரி அறையில் அவளும் அவனும் மட்டும்.

பட்டறைக்காரர் சாக்பீஸை நீட்டினார். "எடுக்கிற வண்டியில உங்க பேரை எழுதிருங்க சார். வேற ஆள் கேட்டு வந்துருவான்."

அவன் வாங்கிக்கொண்டான்.

இரண்டுக்கும் நடுவில் நின்றான். ரெஜிஸ் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எதிர் மாடிக் கொடியில் துணிகள் படபடத்தன. வெகுநேரம் அதையே பார்த்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் குனிந்தான்.

"சனிக்கிழமை காத்து அடங்கிரும்."