இரண்டாவது குளியலறை

“டோக்கன் இல்லாம லைன்ல நுழைஞ்சா என்ன ஆகும் தெரியுமா? மோதல்! மூணு பெட்டி கவுந்துடும்!”

ஸ்டேஷன் மாஸ்டர் இக்னேஷியஸ் இரு கைகளையும் விரித்து வழியை மறித்தார். எதிரே நின்றது ரயில் அல்ல. இடுப்பில் துண்டோடு அவருடைய மகன் பேசில்.

“அப்பா, ஆபீசுக்கு நேரமாச்சு. உள்ள யாருமே இல்ல, பாருங்க. கதவு தொறந்து கெடக்கு.”

“டோக்கன் திரும்பி வரலையே. உன் பெண்சாதி அதை மாட்டிக்கிட்டு அடுப்படியில தோசை சுடுறா. டோக்கன் வர்ற வரைக்கும் உள்ள ஆள் இருக்குன்னுதான் அர்த்தம். ரூல் ரூல்தான்.”

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த வீட்டில் ஒன்பது பேர், குளியலறை ஒன்று. முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, துரை மாட்டிவிட்ட மாலையோடு வீட்டுக்கு வந்த இக்னேஷியஸ் முதல் இரண்டு மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். சோறு இறங்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு குளியலறைச் சண்டையில் தலையிட்டார். ஒற்றைத் தடத்தில் டோக்கன் வைத்திருக்கும் ரயில்தான் போகலாம் என்ற விதியை அப்படியே வீட்டுக்குள் இறக்கினார். பிரம்பில் ஒரு வளையம் செய்து, அது கையில் இருப்பவருக்கே குளியல் என்று அறிவித்தார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வீட்டில் மற்றவர்களுக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.

“சனிக்கிழமை நம்ம பொண்ணு டொரத்தி கிள்ளான்லேருந்து அஞ்சு பிள்ளைங்களோட லீவுக்கு வர்றா” என்றாள் மனைவி கெர்ட்ரூட். “அதுங்களும் வளையத்த மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கணுமா? பின்னால இன்னொரு குளியலறை கட்டுங்க. அப்புறம் அந்த வளையத்த நான் அடுப்புல வைக்கிறேன்.”

இக்னேஷியஸ் உடனே சரி என்றார். அதுவே எல்லாருக்கும் ஆச்சரியம்.

திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கியது. கூட்டாளிகள் இருவர்: இஞ்சின் ஓட்டி ஓய்ந்த ரபேல், தடம் மாற்றிவிட்டு ஓய்ந்த பக்கிரிசாமி. இருவரும் அதுவரை ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொட்டதில்லை. மதியத்துக்குள் மார்பளவுக்குச் சுவர் எழும்பியது, கூட்டாளிகள் சாப்பிடப் போனார்கள், வீடு தூங்கியது.

மூன்று மணிக்கு இக்னேஷியஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “விழுந்துடுச்சு.”

செவ்வாயும் விழுந்தது. புதனும் விழுந்தது.

“ஓய் பக்கிரி, பாயிண்ட்ஸ்மேன் புத்தி போகுமா? தடத்தப் பிரிச்சு விட்ட மாதிரி சுவரையும் பிரிச்சு விட்டுட்டீர்!”

“நீர் பேசாதீர் ரபேல். தண்டவாளம் போட்டுக் குடுத்தாத்தான் உமக்கு நேரா போகத் தெரியும். சுவர் வளைஞ்சது உம்ம பக்கம் லா!”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. குத்தம் மண்ணுமேல” என்று இக்னேஷியஸ் தீர்ப்புச் சொன்னார். விபத்து அறிக்கை மூன்று பக்கம் எழுதி, கீழே தானே கையெழுத்திட்டு, தானே பெற்றுக்கொண்டார்.

கெர்ட்ரூட் இடிபாட்டைச் சுற்றி வந்தாள். “மூணு தடவ விழுந்துச்சு. ஒரு தடவையாவது என் கறிவேப்பிலைச் செடிமேல விழுந்துச்சா? மரியாத தெரிஞ்ச சுவர்!”

வியாழன் விழுந்தபோது இக்னேஷியஸுக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

மேற்பார்வை இல்லாததாலோ என்னவோ, அன்று கூட்டாளிகள் சண்டை போடவில்லை. சுவர் தோளுயரம் வந்தது, நூல் பிடித்ததுபோல நேராக. பக்கிரிசாமி மண் கையோடு அறைவாசலில் வந்து நின்றார்.

“மாஸ்டர், இந்தத் தடவ நிக்கும். நாளைக்குக் காலையில தகரம் போட்டா முடிஞ்சுது. உங்களுக்கும் இனிமே தொல்ல இல்ல. லைன் ரெண்டாயிடும், டோக்கன் எதுக்கு?”

“நல்லது” என்றார் இக்னேஷியஸ்.

கூட்டாளிகள் போன பிறகு கெர்ட்ரூட் சோறு கொண்டுவந்தாள். நெத்திலிக் குழம்பு, அவருக்குப் பிடித்தது.

“பசிக்கல.”

“காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

அவர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கெர்ட்ரூட் அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை மூடிவைத்துவிட்டு வெளியே போனாள்.

வெயில் கொளுத்தியது. வீடு தூங்கியது. அடுத்த வீட்டுச் சேவல்கூடச் சத்தம் போடவில்லை.

திடீரென்று பின்னால் ‘தொம்’ என்று ஒரு சத்தம். கோழிகள் அலறிக்கொண்டு ஓடின. பேசிலின் மனைவி தூக்கத்திலேயே, “விழுந்துடுச்சு போல” என்றாள்.

இக்னேஷியஸ் கட்டிலில் கையை ஊன்றி எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. அவர் முகத்தில் குழப்பம். அந்த வாரத்தில் முதல் தடவையாக, வேறொருவர் சொல்லித்தான் விபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

கெர்ட்ரூட் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். செம்மண் ஒட்டிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். உலக்கையை மூலையில் சாத்திவிட்டுச் சோற்றுத் தட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எழுந்திரிக்காதீங்க. இன்னைக்கு நானே தள்ளிட்டேன்.”