யார் கை காட்டினாலும்

மணல் பெட்டி தரையை விட்டு எழுந்தபோது அதற்கு எடையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு டன். ஆனால் ஏழு மாடி உயரத்தில், கிரேனின் கேபினுக்குள், அது அவள் விரல்களுக்கும் நெம்புகோலுக்கும் இடையே ஒரு சிறு நடுக்கம் மட்டுமே.

கீழே தரையோடு தரையாக மெல்லிய பனி படர்ந்திருந்தது. சரக்கு முற்றமும், அதன் கம்பி வேலியும், வேலிக்கு அப்பால் அவள் குடியிருந்த தெருவும் அந்த வெண்மையில் வேரின்றி மிதந்தன. பத்தொன்பது ஆண்டுகள் துணி தேய்த்து, ஆவிக்குள்ளேயே நின்றவள் அவள். அந்த வெண்மை அவளுக்குப் புதிதன்று.

பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் அவள் 'இஸ்திரி அக்கா'தான். முற்றத்தை விரிவாக்கிய நிறுவனம், சுற்றியிருந்த தெருக்களில் வசிப்பவர்களுக்கென்றே அந்த வகுப்பைத் தொடங்கியிருந்தது. ஓராண்டுப் பயிற்சி. இறுதியில் தேர்வு. முதலாவதாகத் தேறுபவருக்கு வேலை.

இருந்ததே ஒரு வேலைதான்.

இன்று அந்தத் தேர்வு. பெட்டியை எட்டு நிமிடங்களுக்குள் முற்றத்தின் மறுகோடியில் உள்ள மஞ்சள் கட்டத்துக்குள் இறக்க வேண்டும். அவளுக்கு முன் ஏறிய இருவரும் ஏழு நிமிடங்களில் இறக்கிவிட்டார்கள்.

கீழே ஆரஞ்சு நிற மேலங்கியுடன் சைகைக்காரர் நின்றார். அவர் கை எழுந்தால் பெட்டியை உயர்த்தினாள். கை சாய்ந்தால் திருப்பினாள். வேறு எவருடைய கைக்கும் அவள் பணியக் கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 'நிறுத்து' என்னும் சைகையை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். மேலாளராக இருந்தாலும் சரி, வழிப்போக்கராக இருந்தாலும் சரி. ஏன் என்று கேட்பதற்கு இடமில்லை.

நான்காம் நிமிடம். பெட்டி உறக்கத்தில் நடப்பதைப் போல ஓசையின்றி நகர்ந்தது. அதை நகர்த்துவது தான்தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது. மஞ்சள் கட்டம், தானாகவே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அப்போது வேலிக்கு வெளியே, 'நிறுத்து' என்று ஒரு கை நீண்டது.

சுமை தூக்குகிறவர்கள் அன்றைய வேலைக்காக அங்கே காத்திருப்பது வழக்கம். அவர்களுள் அந்தக் கை யாருடையது என்பதை அவ்வளவு உயரத்திலிருந்தும் அவள் அறிந்தாள். மூட்டை சுமந்து சுமந்து இடப்பக்கம் தாழ்ந்துபோன தோள் அது. அவளுடைய வீட்டுக்காரர்.

ஓராண்டாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கிளாஸ நிறுத்து. நீ மேல உக்காந்து ஒரு கம்பிய அசைச்சா, கீழ நாலு முதுகுக்கு வேலை இல்ல. அதுல ஒண்ணு என்னோடது."

கூட்டாளிகளும் அவரைச் சும்மா விடவில்லை. "உங்க வீட்டம்மா தூக்கட்டும்ப்பா. நீ நிழலாப் பாத்து உக்காந்து கொட்டாவி விடு" என்பார்கள்.

அவர் எத்தனை முறை சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை.

இப்போது அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சைகைக்காரரோ 'வரட்டும், வரட்டும்' என்கிறார். தேர்வாளரின் கண் கடிகாரத்தில் இருக்கிறது. வேலிப் பக்கம் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இன்னும் ஒன்றரை நிமிடம் போதும்.

பார்க்காததுபோல் இருந்துவிடலாம்.

அவள் நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவந்தாள்.

பெட்டி நின்றது, அந்தரத்தில் மெல்ல ஆடியது. ஐந்தாம் நிமிடம் கரைந்தது. ஆறாவதும் கரையத் தொடங்கியது. இறுதியில் அவர் நினைத்ததைச் சாதித்துவிட்டார் என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஏம்மா நின்னுட்டீங்க?" தேர்வாளரின் குரல்.

"வேலிக்கு வெளிய ஒருத்தர் நிறுத்தச் சொல்றாருங்க."

தேர்வாளர் வேலிப் பக்கம் திரும்பினார். பிறகு பெட்டியைச் சுற்றி, சைகைக்காரரின் பார்வை எட்டாத மறுபக்கத்துக்குப் போனார். போனவர் சட்டென்று பின்வாங்கி, எல்லோரையும் விலகச் சொன்னார்.

"இந்தப் பக்கத்துப் பட்டை கொக்கிக்குள்ள உக்காரவே இல்லம்மா. நுனியில தொத்திக்கிட்டு இருக்கு. ஆட்டாம, அப்படியே நேரா இறக்குங்க."

மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைப்பதுபோல் அவள் இறக்கினாள்.

"மாட்டினவன் செஞ்ச தப்பு, உங்க தப்பு இல்ல. நின்னதுக்கு முழு மார்க் போட்டுட்டேன். கடிகாரத்தையும் முதல்லேருந்து ஓட விடுறேன்." தேர்வாளர் பெருமூச்சு விடுவது கேட்டது. "இன்னும் ரெண்டடி நகர்ந்திருந்தா பெட்டி விழுந்திருக்கும். அந்த ஆளு பேசாம வேடிக்கை பாத்திருந்தார்னா, உங்க பரீட்சை அதோட முடிஞ்சிருக்கும்."

அவள் கீழே பார்த்தாள். அவர் கையை இறக்கிவிட்டிருந்தார். எதுவும் நடவாததுபோல் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, அவரு நம்ம கிளாஸ்ல படிச்சவரா? வெளியாளுங்கன்னா கத்துவாங்க, ரெண்டு கையையும் போட்டு ஆட்டுவாங்க. இவரு தோள் உயரத்துக்குக் கைய நீட்டி, உள்ளங்கையக் கவுத்து, புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே காட்டுறாரே."

"இல்லைங்க" என்றாள்.

விடியற்காலைகளில் கண்ணாடி முன்னால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு சைகையாகப் பழகியபோதெல்லாம், பின்னாலிருந்த கட்டிலில் அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.