கோழிக்கூண்டுக்குக் காவல் போன செல்போன்

புதுப் போன் வந்த அன்றே பழைய செல்போன் மேசை டிராயருக்குள் போனது. இனி இதற்கு அப்டேட் கிடையாது என்று கம்பெனியே கைகழுவியிருந்தது. மூன்று மாதம் கழித்து ஹாஜிரா அதை வெளியே எடுத்து, ஒரு ஆப்பை ஏற்றி, கோழிக்கூண்டின் மூலையில் கட்டிவைத்தாள்.

கூண்டிலிருந்த கிழட்டுக் கோழி, "உன்னை எதற்கு இங்கே கட்டியிருக்கிறாள்?" என்று கேட்டது.

"காவலுக்கு. முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து ஒரு ஆப் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அது என் வயசைப் பார்க்கவில்லை."

"மூஞ்சியெல்லாம் கீறல். நீ காவலா?" என்று கோழி சிரித்தது.

செல்போனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கண்ணை வாசலைவிட்டு எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வேலிக்கடியில் ஒரு கீரி நுழைந்தது. செல்போன் அந்த அசைவைப் பார்த்த மறுகணமே வீட்டுக்குள் புதுப் போன் மணியடித்தது. ஹாஜிரா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். கீரி வந்த வழியே தப்பி ஓடியது.

கோழி மெல்ல நகர்ந்து செல்போன் பக்கத்தில் வந்தது.

"அண்ணே, நான் முட்டையிட்டு நாலு மாசமாச்சு. ஹாஜிரா இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். கோழிக்கும் அப்படி ஏதாவது ஆப் இருக்குதா, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்களேன்."