குசினிப் பக்கம் சாய்ந்த லாம்பு

மூன்றாவது தடவையும் லாம்பு குசினிப் பக்கமே சாய்ந்தது.

ஸப்ரி நாலு அடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, ஜன்னல் நிலையோடு ஒத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. ஆள் உயரத் தேக்குத் தண்டு, தலையில் மருதமுனைக் கைத்தறித் துணியில் செய்த மூடி, அடியில் மூன்று கால். எல்லாம் அழகுதான். ஆனால், இன்றைக்கு என்ன கறி என்று குசினிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல நின்றது.

வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. புது மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? மாமா நல்லாயிருக்கு என்றார். மாமி கதவுச்சீலைக்குப் பின்னாலிருந்து மாஷா அல்லாஹ் என்றார். மனைவி நுஸ்ஹா மட்டும் தன் தலையையும் லாம்போடு சேர்த்துக் கொஞ்சம் சரித்துக்கொண்டு, நல்ல வடிவு என்றாள்.

கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாமா கட்டிக் கொடுத்தது. கட்டில், அலுமாரி, ஷோகேஸ், அதற்குள் அடுக்கிய கோப்பைகள் வரைக்கும் அவர்கள் பக்கத்துச் சாமான். ஸப்ரி தன்னுடையது என்று கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும் ஒரு போன் சார்ஜரும்.

அதனால்தான் மரக்காலையில் துண்டு மரம் வாங்கி, யூடியூப் பார்த்து, மூன்று வெள்ளிக்கிழமை பின்வளவில் கிடந்து மாய்ந்தான். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து உம்மாவும் கூடப்பிறந்த இரண்டு ராத்தாமாரும் வருகிறார்கள். ஹோலில் தன் கையால் செய்த சாமான் ஒன்று நிற்கும் என்று போனில் பெரிதாக அடித்துவிட்டிருந்தான்.

பின்வளவில் பலகைமேல் வைத்தால் அலிஃப் எழுத்துப் போல நேராக நிற்கிறது. ஹோலுக்குள் கொண்டுவந்தால் சாய்கிறது. முதல் தடவை, வாசலில் இடிபட்டிருக்கும் என்று நினைத்தான். இரண்டாம் தடவை பசையைக் குறை சொன்னான்.

இந்தத் தடவை ஆத்திரத்தில் லாம்பைப் பிடித்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அப்போதும் அது குசினிப் பக்கமே சாய்ந்தது.

கையிலிருந்து நழுவிய டேப் சுருள் தரையில் உருண்டு, எங்கும் நிற்காமல் குசினி வாசலில் போய் விழுந்தது.

ஸப்ரிக்கு விளங்கிவிட்டது. கோளாறு லாம்பில் இல்லை, தரையில்.

அது மாமா பதித்த தரை. அப்துல் ஸமட் மேசனைத் தெரியாதவர் ஊரில் இல்லை. மற்ற மேசன்மாரே மட்டம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மகளின் வீடென்று, கண்ணில் வெள்ளை விழுந்திருந்த காலத்திலும் வேறொருவரைத் தொடவிடாமல், ஒவ்வொரு டைல்ஸாகத் தானே குந்தியிருந்து பதித்தவர். அவரிடம் எந்த வாயால் சொல்வது? காலுக்கடியில் எதையாவது செருகலாம். ஆனால் மேசன் கண்ணுக்கு அது தப்புமா?

அஸர் தொழப் புறப்பட்ட மாமா லாம்பைப் பார்த்து, வைத்த புதிதில் எல்லாச் சாமானும் சாயத்தான் செய்யும், பிறகு தன்பாட்டில் நிமிர்ந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். ஸப்ரி, தன் கைவேலை அவ்வளவுதான் என்று தலையைச் சொறிந்தான். சிரிப்பவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்துவிட்டான். முடிவெடுத்தாலும் உம்மாவை நினைக்க அழுகை வந்தது.

மாமாவின் தலை வாசல் கேற்றுக்கு வெளியே மறைந்ததும் கதவுச்சீலை விலகியது.

மாமி நேருக்கு நேர் அவனோடு கதைப்பவரல்ல. வந்தவர் முதலில் கேற்றைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, தேயிலைப் பெட்டியில் வெட்டிய அட்டைத் துண்டொன்றை எடுத்து, இரண்டாக மடித்து, குந்தி, குசினிப் பக்கத்துக் காலுக்கடியில் செருகினார். அளந்துகூடப் பார்க்கவில்லை.

லாம்பு நிமிர்ந்தது.

"மாமாக்கிட்டச் சொல்லிராதீங்க மகன், தாங்கமாட்டாரு."

சொல்லிவிட்டுக் கண்ணாலேயே ஹோலைச் சுற்றிக் காட்டினார். ஸப்ரி குனிந்து பார்த்தான். ஷோகேஸ், சோபா, பிரிஜ், சாப்பாட்டு மேசை. எல்லாவற்றின் குசினிப் பக்கத்துக் காலடியிலும் மடித்த தேயிலை அட்டை.

உம்மா வந்து லாம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ராத்தாமார் போனில் படம் எடுத்தார்கள். எவ்வளவு நேராக நிற்கிறது, என் மகனுக்கு இப்படியொரு கையா என்று உம்மா வாயைப் பிளந்த நேரத்தில் மாமா தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்து சேர்ந்தார். லாம்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, வெறுங்காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா மருமகன்? என்ட தரை, கோணல் சாமானயும் நிமித்திரும்!"

உம்மா மகனைப் பார்த்தார். நுஸ்ஹா கையிலிருந்த சர்பத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுச்சீலை ஒரு தடவை குலுங்கியது. மூன்று வெள்ளிக்கிழமை உழைப்பும் உள்ளங்கைக் கொப்புளங்களும் அந்த இரண்டு தட்டோடு தரைக்குப் போய்விட்டன. ஆனாலும் இந்த வீட்டு இரகசியத்தில் தனக்கும் பங்கு கிடைத்ததில் ஸப்ரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"ஓம் மாமா," என்றான், "எல்லாம் தரைதான்."