குண்டு உருளும் பக்கம்

‘பின்போல்’ என்ற குண்டு விளையாட்டை விளையாடாமல் கார்ட்டூனிஸ்ட் பிறேமுக்குப் பேனா ஓடாது. ஆணியடித்து அவரே செய்த பலகை அது. அதில் குழிக்கொரு அரசியல்வாதியின் பெயர். சைக்கிள் குண்டு யாருடைய குழியில் விழுகிறதோ, மறுநாள் பத்திரிகையில் அவருடைய தலை உருளும்.

ஒருநாள் பிரதேச சபைத் தவிசாளர் சோமசேகரம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒரு மாதமா என்ரை மூஞ்சையைத்தான் கீறுறீர். எந்தக் கட்சி தம்பி உம்மை ஏவிவிடுறது?"

"குண்டுதான் ஐயா முடிவெடுக்கிறது. நீங்களே அடிச்சுப் பாருங்கோ."

தவிசாளர் மூன்று தரம் அடித்தார். மூன்று தரமும் குண்டு வலது மூலையில் இருந்த அவருடைய குழிக்குள்ளேயே போய் விழுந்தது.

"ஒழுங்கையிலை வாய்க்கால் இல்லை ஐயா. வெள்ளம் நிண்டு நிண்டு வீட்டு நிலம் வலப்பக்கம் பதிஞ்சுபோச்சு. நான் என்ன செய்ய?"

மாரி தொடங்க முன்னமே அந்தச் சந்தில் வாய்க்கால் கட்டி முடிந்தது.

அன்று பொழுதுபட, பலகை இருந்த மேசையின் இடது காலுக்குக் கீழே தான் செருகியிருந்த பனைமரத் துண்டைப் பிறேம் உருவி எடுத்தார்.

வாசலில் இருந்து மனைவி அபிகாயில் குரல் கொடுத்தாள். "ஒழுங்கையிலை ஒரு லைற்றும் எரியேல்லையப்பா."

பிறேம் துண்டைத் திரும்பவும் செருகினார்.