இரண்டு கரு

ஓசூர்ப் பக்கத்துப் பந்தயக் குதிரைப் பண்ணையில் அந்தப் பருவத்தின் கடைசிச் சினைக் குதிரை சாரங்கி. பிந்திப் பிறக்கும் குட்டி பந்தயத்தில் அதே ஆண்டில் முன்னதாகப் பிறந்த குதிரைகளோடு ஓட முடியாமல் திணறும். அதனால் கருவைச் சோதித்து, பருவம் தப்பியிருந்தால் ஊசி போட்டுக் கலைத்துவிடும் இயந்திரக் கொட்டடி ஒன்று அங்கே இருந்தது. சாரங்கி மிரண்டதால் கால்நடை டாக்டர் ரெஜினாவும் அதனோடு உள்ளே போனாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

“இரண்டு கரு. இரண்டும் பருவம் தப்பியவை. கலைப்பு தொடங்குகிறது” என்றது இயந்திரம்.

சுவரிலிருந்து நீண்ட ஊசிக்கை, குதிரையை விட்டுவிட்டு ரெஜினாவின் பக்கம் திரும்பியது.

“சிக்கண்ணே! கரண்ட்டை நிறுத்துங்க!”

வெளியே நின்ற லாயக்காரர் சிக்கண்ணனுக்குப் புரியவில்லை. “குதிரைக்கு இரட்டைன்னா ஆபத்தாச்சே, எடுத்துத்தானே ஆகணும் டாக்டரம்மா? நிறுத்தினா மொதலாளி கத்துவாரே.”

நாற்பதைத் தாண்டிய பிறகு தரித்த கரு. கணவனிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினாள்.

“குதிரைக்கு ஒண்ணுதாண்ணே! இன்னொண்ணு என்னோடது!”

வெளியே சிக்கண்ணன் விழுந்தடித்து ஓடுவது கேட்டது. விளக்குகள் அணைந்தன. ஊசி அவள் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுபோனது.

சிக்கண்ணன் கதவை நெம்பித் திறந்தார். சாரங்கியின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி ரெஜினா வெளியே வந்தாள்.

“கயித்தைக் குடுங்கம்மா. கரண்ட் போட்டதும் இதைத் திரும்ப உள்ள கட்டணும்.”

அவள் கொடுக்கவில்லை.

“பண்ணையோட பெரிய கேட்டைத் திறங்கண்ணே” என்றாள்.