தண்ணீருக்குள் ஒரு தையல்

திரையின் வெளிச்சத்தைத் தவிர ஆபரேஷன் அறை இருட்டாக இருக்கிறது. பஸ் டிரைவர் ஒருவரின் வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியே, வெட்டிய பெருங்குடலின் இரு முனைகளையும் டாக்டரம்மா நூலால் தைத்து முடிக்கிறார். கேமராவைப் பிடித்திருக்கும் அவர் கணவரும் சர்ஜன்தான். "தைக்காம ஸ்டேப்ளர்ல பின் அடிச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்கிறார். "முடிஞ்சிருக்கும். இப்ப காத்தடிச்சுப் பாக்கலாங்க." தையல் மூழ்கும்வரை தண்ணீர் விடுகிறார்கள், குடல் காற்றில் உப்புகிறது. ஒரு குமிழி வந்தாலும் ஓட்டை என்று அர்த்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். தண்ணீர் அசையவில்லை. "இருந்தாலும் ஸ்டேப்ளர்னா..." என்று கணவர் தொடங்கும்போது, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சிறுகுடல், யாரும் தொடாமல், குடலுக்கே உரிய அசைவில், ஈரம் மின்ன நெளிந்து நெளிந்து ஊர்ந்து வந்து தையலின் மேல் படுத்துக்கொள்கிறது. கேமரா அங்கேயே நிற்கிறது.